ஏறி இறங்கும் சீட்: டிராப்பர் போஸ்ட் பராமரிப்பு

சீட்டை ஏற்றி இறக்கும் டிராப்பர் போஸ்ட் மக்கர் செய்கிறது என்று பட்டறைக்கு வரும் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றில் போஸ்ட் நன்றாகத்தான் இருக்கும். போஸ்டைச் சட்டத்தோடு பிடிக்கும் சீட் கிளாம்பை யாரோ பலம்கொண்ட மட்டும் முறுக்கியிருப்பார்கள். அல்லது கேபிள் துருப்பிடித்திருக்கும். இரண்டும் இல்லையென்றால் போஸ்டின் கழுத்தில் போன மழைக்காலத்துச் சேறு அடைந்து கிடக்கும். இந்த மூன்றையும் பார்க்காமல் நேரே போஸ்டைப் பிரிக்க உட்கார்ந்தால் அரை நாள் போகும், சின்ன உதிரி ஒன்று தொலையும், கோளாறு மட்டும் அப்படியே இருக்கும். எனவே இந்த அத்தியாயம் வெளியே தொடங்கி உள்ளே போகிறது. எந்தக் கட்டத்தில் கோளாறு தீர்ந்ததோ அந்த இடத்தில் கருவிகளை எடுத்து வைத்துவிடலாம். மேலே படிக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இந்தப் பொருள் எதற்காக வந்தது என்று தெரிந்தால் அதை எப்படி நடத்துவது என்பதும் விளங்கும். சரிவில் இறங்கும்போது சீட் தாழ்ந்திருந்தால்தான் உடம்பைப் பின்னுக்கும் கீழுக்கும் நகர்த்த இடம் கிடைக்கும். மேட்டில் ஏறும்போதோ, சீட் உயர்ந்திருந்தால்தான் கால் நன்றாக நீண்டு மிதிக்கும். மலைச் சைக்கிள் உருவான கலிஃபோர்னியாவின் மரின் வட்டாரத்திலேயே இந்தச் சிக்கலும் கூடவே பிறந்தது. அங்கே மலைச் சைக்கிள் கட்டிய முன்னோடிகளில் ஒருவரான ஜோ பிரீஸ், ஜாஷ் ஏஞ்சல் என்பவரோடு சேர்ந்து 1980களில் ஹைட்-ரைட் என்ற ஸ்பிரிங் சாதனத்தைக் கொண்டுவந்தார். சீட் கிளாம்பின் லீவரைத் தளர்த்தி உடல் எடையை வைத்தால் சீட் இறங்கும். எழுந்தால் ஸ்பிரிங் தூக்கிவிடும். ஆனால் கரடுமுரடான பாதையில் ஒரு கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்துச் சீட்டுக்கு அடியில் துழாவ வேண்டும். ஹேண்டில்பாரிலேயே லீவர் வைத்த போஸ்ட்கள் 2000களில் வரத் தொடங்கின. 2010இல் ராக்ஷாக்ஸ் நிறுவனத்தின் ரெவர்ப் வந்த பிறகு அவை வேகமாகப் பரவின. இன்றைக்கு நடுத்தர விலை மலைச் சைக்கிளிலேயே டிராப்பர் சேர்ந்தே வருகிறது. 2022 மார்ச்சில் மிலான்–சான் ரேமோ சாலைப் பந்தயத்தில் ஸ்லோவேனியாவின் மாட்டெய் மொஹோரிச், டிராப்பர் பொருத்திய ரோடு சைக்கிளில் போஜியோ குன்றிலிருந்து பாய்ந்திறங்கி வென்றார். மலைக்காரர்களைச் சந்தேகத்தோடு பார்த்த சாலைக்காரர்களும் அன்று ஒரு நிமிடம் யோசித்திருப்பார்கள்.

இயக்கும் முறையை வைத்துப் பார்த்தால் மூன்று வகை: கேபிளால் இழுக்கப்படுவது, எண்ணெய் அழுத்தத்தால் இயங்குவது, கம்பியே இல்லாமல் பேட்டரியில் இயங்குவது. கடைகளில் அதிகம் கிடைப்பதும் வீட்டில் பழுது பார்க்க ஏற்றதும் கேபிள் வகைதான். இந்த அத்தியாயமும் பெரும்பாலும் அதைப் பற்றியது. மற்ற இரண்டையும் பிற்பகுதியில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

உள்ளே என்ன இருக்கிறது

ஒரு வெளிக் குழாய், அதற்குள் ஏறி இறங்கும் வழவழப்பான உள் குழாய். வெளிக் குழாய் சைக்கிள் சட்டத்துக்குள் போய் உட்காரும். அதன் விட்டம் பெரும்பாலும் 27.2, 30.9, 31.6, 34.9 மி.மீ. அளவுகளில் ஏதாவது ஒன்று. உள் குழாயின் உச்சியில் சீட்டைப் பிடிக்கும் தலை. இரண்டு குழாய்களும் சந்திக்கும் இடத்தில் திருகிப் பூட்டும் ஒரு வளையம் இருக்கும். அதைக் காலர் என்கிறோம். காலருக்குள் தூசியை வழித்துவிடும் ரப்பர் சீல். அதற்கு அடியில் உள் குழாயை ஆடாமல் தாங்கும் பிளாஸ்டிக் புஷ். உள் குழாயின் கீழ்ப் பகுதியில், வெளிக் குழாயின் நீள்வாட்டுப் பள்ளங்களில் ஓடுகிற சிறு பித்தளைக் கீகள். சீட் இடமும் வலமும் திரும்பாமல் பிடித்துக்கொள்வது இந்தக் கீகள்தான்.

நடுவில் கார்ட்ரிட்ஜ். அழுத்தம் ஏற்றிய வாயுவும் எண்ணெயும் அடைத்து மூடிய உருளை இது. அலுவலக நாற்காலிக்குக் கீழே இருக்கும் தண்டைப் பார்த்திருந்தால் இதையும் பார்த்த மாதிரிதான். லீவரை அழுத்தினால் கேபிள் இழுபட்டு, கார்ட்ரிட்ஜின் அடியில் இருக்கும் வால்வு திறக்கிறது. வால்வு திறந்திருக்கும்போது மேலே எடை இருந்தால் சீட் இறங்கும், இல்லையென்றால் வாயு அதைத் தூக்கும். லீவரை விட்டதும் வால்வு மூடி, சீட் அந்த உயரத்திலேயே நிற்கும்.

இந்த ஒரு வால்வுதான் முக்கியம். பெரும்பாலான கோளாறுகள் மூன்று கேள்விகளில் அடங்கிவிடும். வால்வு சரியாகத் திறக்கிறதா? சரியாக மூடுகிறதா? குழாய்கள் தடையின்றி வழுக்குகின்றனவா?

ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும்

சீட்டை முழுதும் உயர்த்துங்கள். உள் குழாயை ஈரத் துணியால் துடைத்துவிட்டுக் காய்ந்த துணியால் ஒருமுறை துடையுங்கள். காலரின் மேல் விளிம்பில், சீல் உள் குழாயைத் தொடும் இடத்தில், கருப்பாக ஒரு மெல்லிய கோடு தெரியும். அதையும் விரலில் துணியைச் சுற்றி எடுத்துவிடுங்கள். உள்ளே போகக் காத்திருக்கும் அழுக்கு அதுதான். இரண்டே நிமிட வேலை. இதை ஒழுங்காகச் செய்தாலே போஸ்டைக் கழற்ற வேண்டிய நாள் பல மாதம் தள்ளிப்போகும்.

அவ்வப்போது, துடைத்த பிறகு, சஸ்பென்ஷன் குழாய்களுக்கென்றே விற்கும் சிலிக்கோன் எண்ணெயில் ஒரு துளியை உள் குழாயைச் சுற்றித் தடவி, சீட்டை நாலைந்து முறை ஏற்றி இறக்குங்கள். மேலே வரும்போது குழாயில் அழுக்கு வளையம் ஒன்று படிந்திருக்கும், துடைத்துவிடுங்கள். செயின் எண்ணெய் இதற்கு ஆகாது, தூசியைக் கூவி அழைக்கும். துரு விடுவிக்கும் ஸ்பிரேக்களும் ஆகாது. அடித்த மாத்திரத்தில் போஸ்ட் சரசரவென்று ஓடுவதைப் பார்த்து மகிழ்ந்துபோவீர்கள்; ஆனால் அந்தத் திரவம் உள்ளே இறங்கிக் கிரீஸைக் கரைத்துவிட, இரண்டு வாரத்தில் முன்னைவிட மோசமாகும்.

கழுவும்போதும் சீட் உயர்ந்தே இருக்கட்டும். அழுத்தத்தோடு பீய்ச்சும் தண்ணீர் இயந்திரத்தைக் காலருக்கு நேரே காட்டாதீர்கள். வெளியிலிருந்து வரும் தூசியைத் தடுக்கத்தான் அந்தச் சீல். பீய்ச்சும் தண்ணீரை அது தாங்காது. சைக்கிளைப் பல வாரம் நிறுத்தி வைப்பதானாலும் சீட்டை மேலேயே விட்டு வையுங்கள்.

இன்னும் இரண்டு பழக்கங்கள் சத்தமில்லாமல் கெடுதல் செய்பவை. ஒன்று, சீட்டுக்குக் கீழே பை கட்டுவது. பையின் பட்டை உள் குழாயைச் சுற்றிக்கொண்டால், பட்டைக்கும் குழாய்க்கும் நடுவே மாட்டும் மணல், குழாயின் பூச்சை உப்புத்தாள் போட்டது போலத் தேய்த்துவிடும். தேய்ந்த இடம் சீலை அறுக்கும். இரண்டாவது, பழுது பார்க்கும் ஸ்டாண்டின் இடுக்கியில் உள் குழாயைக் கொடுத்துச் சைக்கிளைத் தொங்கவிடுவது. இடுக்கி பிடிக்க வேண்டியது வெளிக் குழாயை. அது முழுக்கச் சட்டத்துக்குள் மறைந்திருந்தால், இப்போதைய உயரத்தை டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டு, கிளாம்பைத் தளர்த்திப் போஸ்டைக் கொஞ்சம் மேலே இழுத்துக்கொள்ளுங்கள்.

முதல் சந்தேக நபர்: சீட் கிளாம்ப்

சீட் மெதுவாக ஏறுகிறது, அல்லது பாதியில் நின்று விடுகிறது என்றால், வேறு எதையும் தொடும் முன் சீட் கிளாம்பின் போல்ட்டைக் கால் சுற்று தளர்த்திவிட்டு லீவரை அழுத்திப் பாருங்கள். சீட் துள்ளி எழுந்தால் வேலை முடிந்தது.

சாதாரண சீட் போஸ்ட் தடித்த குழாய். கொஞ்சம் கூடுதலாக முறுக்கினாலும் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். டிராப்பரின் வெளிக் குழாய் மெல்லியது, அதற்குள் இன்னொன்று ஓடுகிறது. கிளாம்பை இறுக்கினால் வெளிக் குழாய் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நசுங்கி, உள்ளே ஓடும் குழாயைக் கவ்விப் பிடிக்கும். பெரும்பாலான டிராப்பர்களுக்கு 5 அல்லது 6 நியூட்டன் மீட்டர் முறுக்கே போதும்; சரியான எண் கிளாம்பிலோ கையேட்டிலோ இருக்கும். டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் இப்படிச் செய்யலாம்: போல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஒவ்வொரு முறையும் சீட்டின் மூக்கைப் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். போஸ்ட் சட்டத்துக்குள் திரும்பாத கட்டம் வந்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

இவ்வளவு குறைவாக இறுக்கினால் போஸ்ட் சறுக்கி இறங்குகிறதா? அதற்காக மேலும் முறுக்காதீர்கள். கார்பன் சட்டங்களுக்கென்று மணல் போன்ற துகள் கலந்த பிடிமானப் பேஸ்ட் விற்கிறது. வெளிக் குழாயில் மெல்லிய பூச்சாகத் தடவினால் குறைந்த முறுக்கிலேயே பிடித்துக்கொள்ளும். அலுமினியச் சட்டத்துக்கும் எஃகுச் சட்டத்துக்கும் பொதுவாகக் கிரீஸ் போதும். கிரீஸ் போட்டும் சறுக்கினால் துடைத்துவிட்டுப் பேஸ்ட்டுக்கு மாறிக்கொள்ளலாம். எதுவுமே போடாமல் வறண்ட உலோகத்தை உலோகத்துக்குள் செருகி வைப்பது மட்டும் வேண்டாம். இரண்டு மழைக்காலம் போனால் வெளியே எடுக்க முடியாது.

போஸ்ட் செருகும் சீட் குழாய் சம்பந்தப்பட்ட இன்னொரு விஷயமும் உண்டு. பல சட்டங்களில் தண்ணீர் பாட்டில் தாங்கி ஒன்றின் போல்ட்கள் அந்தக் குழாயில் திருகப்படுகின்றன. நீளமான போல்ட் போட்டிருந்தால் அதன் முனை உள்ளே நீட்டிக்கொண்டு போஸ்டைக் கீறும், அல்லது இறங்கவிடாமல் முட்டும். புது டிராப்பர் பொருத்திய பிறகு கீழே ஏதோ இடிக்கிற மாதிரித் தெரிந்தால் முதலில் இந்தப் போல்ட்களைக் கழற்றிப் பாருங்கள்.

கேபிள்

லீவரை அழுத்தத் தொடங்கியதுமே வால்வு திறக்கக் கூடாது. தொடக்கத்தில் ஒன்று அல்லது இரண்டு மி.மீ. வெற்று அசைவு இருக்க வேண்டும். அந்த அசைவே இல்லையென்றால் கேபிள் வால்வை எந்நேரமும் லேசாகத் திறந்தே வைத்திருக்கிறது என்று பொருள். சீட்டில் உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல மெல்ல இறங்கும். இதைக் கார்ட்ரிட்ஜ் கோளாறு என்று நினைத்துப் புதுக் கார்ட்ரிட்ஜுக்குப் பணம் கட்டியவர்கள் உண்டு. லீவரில் இருக்கும் திருகு உருளையை ஒரு சுற்று உள்ளே திருப்பினால் போதுமாக இருந்திருக்கும். வெற்று அசைவு அதிகமாக இருந்தால் கதை தலைகீழ்: லீவரை முழுதும் அழுத்தியும் வால்வு அரைகுறையாகவே திறக்கும்; சீட் இறங்க அடம்பிடிக்கும், ஏறச் சோம்பும். இப்போது உருளையை வெளியே திருப்ப வேண்டும்.

சரிசெய்யும்போது ஒரே நேரத்தில் அரைச் சுற்றுக்கு மேல் போக வேண்டாம். ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் சீட்டில் முழு எடையோடு உட்கார்ந்து பாருங்கள்.

லீவர் கனமாக இருந்தால், அல்லது விட்டதும் சட்டென்று திரும்பி வராவிட்டால், கேபிள் உள்ளே உராய்கிறது. டிராப்பருக்குப் பெரும்பாலும் கியர் கேபிளே பயன்படுகிறது; உறையும் கியர் உறைதான். விலை அதிகமில்லை. எனவே துருப்பிடித்த கேபிளுக்கு எண்ணெய் விட்டுக் காலம் தள்ளுவதைவிட மாற்றிவிடுவதே மேல். உறையை வெட்டியதும் வெட்டுமுனையைப் பாருங்கள். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் குழல் நசுங்கி வாய் மூடியிருக்கும். கூரான ஊசியால் அதை வட்டமாகத் திறந்துவிட்டுத்தான் கேபிளை நுழைக்க வேண்டும். இந்தச் சின்ன வேலையைத் தவிர்ப்பவர்களின் லீவர் புதுக் கேபிளிலும் சொரசொரவென்றே இருக்கும்.

சட்டத்துக்குள் ஓடும் உறையை மாற்றும்போது பழைய உறையை உருவி எறிந்துவிடாதீர்கள். அதன் முனையோடு புது உறையை ஒட்டி இணைத்துக்கொண்டு, பழையதை இழுக்க இழுக்கப் புதியது பின்னாலேயே வந்துவிடும். பழையதை எடுத்துவிட்டால் இருட்டுக் குழாய்க்குள் வழி தேடி ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

போஸ்டா, கேபிளா? தீர்ப்பு சொல்லும் சோதனை

மேலே சொன்னதெல்லாம் செய்தும் குணமாகவில்லை என்றால் போஸ்டை வெளியே எடுக்க வேண்டியதுதான். முதலில் வெளிக் குழாயில், கிளாம்புக்குச் சற்று மேலே, டேப் ஒட்டி உயரத்தைக் குறியுங்கள். கிளாம்பைத் தளர்த்துங்கள். ஒரு கையால் போஸ்டை மேலே இழுக்கும்போது மறு கையால் ஹேண்டில்பார் பக்கத்திலிருந்து கேபிள் உறையைச் சட்டத்துக்குள் தள்ளிக்கொண்டே வர வேண்டும். தள்ளாமல் இழுத்தால் உறை மடங்கும், அல்லது போஸ்டின் அடியிலிருந்து பிய்ந்துகொள்ளும். இருவர் இருந்தால் இந்த வேலை சுலபம்.

வெளியே வந்ததும் போஸ்டின் அடியில் ஒரு சின்ன நெம்புகை தெரியும். கேபிள் முனையில் இருக்கும் உருளை அதில்தான் மாட்டியிருக்கும். உருளையைக் கழற்றிவிட்டு, நெம்புகையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். போஸ்ட் இப்போது கிளாம்பின் பிடியிலும் இல்லை, கேபிளின் பிடியிலும் இல்லை. அது வேகமாக ஏறி, உறுதியாக நின்றால் போஸ்டில் குற்றமில்லை. கிளாம்பையோ கேபிளையோ மறுபடி பாருங்கள். இப்போதும் மந்தமாக ஏறினால் குழாய்களுக்கு நடுவே அழுக்கு அல்லது அழுத்தக் குறைவு. இப்போதும் எடை வைத்தால் அமுங்கினால் கார்ட்ரிட்ஜ். இந்தச் சோதனை ஒன்றுக்காகவே போஸ்டைக் கழற்றலாம். அத்தனை கேள்விகளுக்கு இது விடை சொல்லிவிடும். முகத்தைச் சீட்டுக்கு நேரே வைத்துக்கொண்டு மட்டும் நெம்புகையை அழுத்தாதீர்கள்.

போஸ்ட் வெளியே இருக்கும்போது சீட் குழாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். கனடாவின் வான்கூவருக்கு வடக்கே உள்ள மலைகளில், அல்லது ஸ்காட்லாந்தின் ஈரக் காடுகளில் ஓட்டுபவர்களின் சட்டத்துக்குள் தண்ணீர் இறங்கி அடியில் தேங்கியிருக்கும். துணி கட்டிய குச்சியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். பெடல் அச்சின் பேரிங்குகளும் உங்களுக்கு நன்றி சொல்லும்.

காலரைத் திறப்பது

இதில் இரண்டு நிலை உண்டு. காலரை மட்டும் திறந்து சுத்தம் செய்வது முதல் நிலை. இதற்குப் போஸ்டைச் சைக்கிளிலிருந்து கழற்றவும் வேண்டாம். சீட்டை உயர்த்தி, காலரைக் கையால் இடப்பக்கம் திருகுங்கள். வழுக்கினால் பழைய டியூப் ரப்பர் துண்டைச் சுற்றிப் பிடியுங்கள். சில காலர்களில் ஸ்பேனர் பிடிக்கத் தட்டையான முகங்கள் இருக்கும். பல் வைத்த பைப் ரெஞ்ச் பக்கமே போக வேண்டாம்.

காலர் கழன்று உள் குழாயோடு மேலே வந்ததும் உள்ளே இருப்பது தெரியும். பழைய கிரீஸ் தேன் நிறத்திலோ பச்சையாகவோ இருக்க வேண்டியது, அரைத்த மிளகு கலந்தது மாதிரிச் சாம்பல் பூத்திருக்கும். இரு விரலுக்கு நடுவே தேய்த்தால் நறநறக்கும். அதை முழுதும் துடைத்தெடுங்கள். நூல் விடாத துணியும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் போதும். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் சீலை ஊத வைக்கும். சீலின் உள் உதட்டை விரல் நுனியால் ஒருமுறை சுற்றித் தடவிப் பாருங்கள். வெட்டோ கிழிசலோ தட்டுப்பட்டால் புதுச் சீல் போட வேண்டும். புஷ்ஷில் ஒரு சின்ன மூக்கு இருந்தால் அது வெளிக் குழாயில் எந்தப் பள்ளத்தில் உட்கார்ந்திருந்தது என்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கிரீஸ், சஸ்பென்ஷனுக்கென்று விற்கும் மெல்லிய வகையாக இருக்க வேண்டும். பேரிங்குக்குப் போடும் கெட்டிக் கிரீஸ் குளிரில் பிசினாகிவிடும். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே போகிற ஊர்களில் சீட் எழுந்திருக்கவே யோசிக்கும். சீலின் உதட்டுக்குள், புஷ்ஷின் உட்புறத்தில், கண்ணுக்குத் தெரியும் பள்ளங்களில் மெல்லிய பூச்சாகத் தடவி, காலரைக் கையிறுக்கமாகத் திருகி, நாலைந்து முறை ஏற்றி இறக்கி, வழிந்ததைத் துடையுங்கள். கலிஃபோர்னியா மாதிரி வறண்ட தூசிப் பாதையில் ஓட்டுபவர்களுக்கு இது ஆண்டுக்கு ஓரிரு முறை போதும். குளிர்கால மழையில் வாராவாரம் ஓட்டுபவர்கள் நாட்காட்டியைப் பார்க்க வேண்டாம். சீட் ஏறும் வேகம் குறையும்போதெல்லாம் செய்யலாம்.

இரண்டாம் நிலையில் உள் குழாயையே வெளியே எடுக்கிறோம். காற்று வால்வு உள்ள போஸ்டாக இருந்தால் முதலில் அழுத்தத்தை முழுதும் வெளியேற்ற வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. பல போஸ்ட்களில் அடியில் இருக்கும் நெம்புகைத் தொகுப்பைத் திருகி எடுத்து, கார்ட்ரிட்ஜைப் பிடித்திருக்கும் சர்க்ளிப்பையோ போல்ட்டையோ கழற்றினால் உள் குழாய் மேலே உருவிக்கொண்டு வரும். உங்கள் போஸ்டின் முறை மாறுபடலாம் என்பதால் அதன் கையேட்டை அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

உருவும்போது வெள்ளைத் துணி விரித்த மேசைக்கு மேலே உருவுங்கள். பித்தளைக் கீகள் உள் குழாயின் பள்ளங்களில் வெறுமனே உட்கார்ந்திருப்பவை. கிரீஸின் பசைதான் அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய பொருள், கார் நிறுத்துமிடத்துச் சரளையில் விழுந்தால் விழுந்ததுதான். ஒவ்வொன்றையும் எடுத்த பள்ளத்தின் வரிசையிலேயே வையுங்கள். ஒரு பக்கம் மங்கலாகவும் மறுபக்கம் பளபளவென்றும் இருக்கும். பளபளப்பது தேய்ந்த முகம். அதே பள்ளத்தில் அதே திசையில் திரும்பப் போனால்தான் சீட்டின் ஆட்டம் கூடாது.

காற்றை வெளியேற்றியாயிற்று, குழாய்களைப் பிரித்தாயிற்று. கார்ட்ரிட்ஜைப் பிரிக்கலாமா என்று கேட்பீர்கள். கூடாது. மூடிய கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் வாயுவின் அழுத்தம் ஆளைக் காயப்படுத்தக் கூடியது. அதைத் துளையிடுவதோ இடுக்கியில் வைத்துத் திருகுவதோ வீட்டு வேலை இல்லை. கெட்டால் முழுதாக மாற்றுங்கள். பல நிறுவனங்கள் அதைத் தனியாக விற்கின்றன. அரை மணி நேரத்தில் மாற்றிவிடலாம்.

ஆட்டமும் சத்தமும்

சீட்டின் மூக்கைப் பிடித்து இடம் வலமாக அசைத்தால் ஓரிரு மி.மீ. ஆடத்தான் செய்யும். புதுப் போஸ்டிலும் ஆடும். கடையில் நிற்கும்போது உறுத்தும். ஓட்டும்போது யாருக்கும் தெரியாது. ஆட்டம் நாளுக்கு நாள் கூடினால்தான் கீகள் தேய்ந்திருக்கின்றன என்று கொள்ள வேண்டும். கீகள் மயிரிழை வித்தியாசத்தில் பல தடிமன்களில் கிடைக்கும். ஒரு படி தடித்தவை போட்டால் ஆட்டம் அடங்கும். இரண்டு படி தாண்டினால் சீட் ஏறாமல் கவ்விக்கொள்ளும். முன்னும் பின்னும் ஆடினால் அது புஷ்ஷின் தேய்மானம்.

கிறீச் சத்தத்துக்கு டிராப்பரைத் திட்டும் முன் சீட்டுக் கம்பிகளைப் பிடிக்கும் போல்ட்களைக் கழற்றி, அங்கே இருக்கும் மண்ணைத் துடைத்து, துளி கிரீஸ் தடவி இறுக்குங்கள். சத்தம் பெரும்பாலும் அங்கிருந்தும், சீட் கிளாம்பின் விளிம்பிலிருந்தும்தான் வரும்.

காற்று, எண்ணெய், பேட்டரி

சில போஸ்ட்களில் சீட்டுக்கு அடியிலோ போஸ்டின் கீழ் முனையிலோ காற்று வால்வு இருக்கும். அழுத்தம் பெரும்பாலும் 250 பி.எஸ்.ஐ.யை ஒட்டி இருக்கும். எனவே சஸ்பென்ஷனுக்கான ஷாக் பம்ப் வேண்டும், டயர் பம்ப் எட்டாது. சீட் முழுதும் உயர்ந்திருக்கும் நிலையில் அடியுங்கள். கையேடு சொல்லும் உச்சத்தைத் தாண்ட வேண்டாம். கனமானவர்கள் கூடுதல் காற்று அடிக்க வேண்டுமா என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. வேண்டாம். இந்த அழுத்தம் சீட் ஏறும் வேகத்தை மட்டுமே தீர்மானிக்கிறது. உங்கள் எடையைத் தாங்குவது மூடிய வால்வுக்குள் சிக்கிய எண்ணெய்.

எண்ணெயால் இயங்கும் லீவர் உள்ளவற்றில், குழாய்க்குள் காற்று புகுந்தால் லீவர் தளர்ந்து சீட் மந்தமாகும். பிரேக்கைப் போலவே ஊசிக்குழல் வைத்துக் காற்றை எடுக்க வேண்டும். ஆனால் பிரேக்குக்கு ஊற்றும் டாட் திரவத்தை இதில் விட்டால் சீல்கள் கெட்டுவிடும். ரெவர்ப் லீவருக்கு அதற்கென்றே விற்கும் எண்ணெய் உண்டு.

பேட்டரி வகையில் கேபிள் தொல்லை இல்லை. சார்ஜ் பார்த்துக்கொள்வதும், லீவருக்குள் இருக்கும் நாணய வடிவப் பேட்டரியை மறக்காமல் மாற்றுவதும்தான் வேலை. காரில் ஏற்றிப் போகும்போது பேட்டரியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். காலர் சுத்தம் இதற்கும் உண்டு.

எல்லா வகைக்கும் ஓர் எச்சரிக்கை: சீட் தாழ்ந்திருக்கும்போது அதைப் பிடித்துச் சைக்கிளைத் தூக்காதீர்கள். பூட்டிய வால்வுக்கு எதிராக முழுச் சைக்கிளின் எடை உள் குழாயை மேலே இழுக்கும். சில வடிவமைப்புகளில் அப்போது காற்று சீலைத் தாண்டி எண்ணெய்ப் பக்கம் கசிந்துவிடும். பிறகு உட்கார்ந்தால் சீட் ஸ்பிரிங் மாதிரி அமுங்கித் துள்ளும். இந்தத் தொல்லை ஏற்பட்டே தீரும் என்று ஏற்றுக்கொண்டு, 2019இல் வந்த ரெவர்ப்களில் புகுந்த காற்றை வெளியே விட ஒரு வால்வையே வைத்தார்கள். வண்டியில் ஏற்றும்போதும் வேலி தாண்டும்போதும் சட்டத்தைப் பிடித்துத் தூக்குங்கள்.

காட்டு நடுவில் கைவிட்டால்

கேபிள் அறுந்தால் பெரும்பாலான போஸ்ட்கள் இருக்கும் உயரத்திலேயே பூட்டிக்கொள்ளும். மேலே இருந்தால் அப்படியே ஓட்டி வரலாம். கீழே பூட்டிக்கொண்டால் கிளாம்பைத் தளர்த்தி, போஸ்டை மேலே இழுத்து, அடி நெம்புகையை விரலால் அழுத்திச் சீட்டை உயர்த்திவிட்டுத் திரும்பச் செருகுங்கள். அறுந்த கேபிளின் துண்டு நெம்புகையில் மாட்டிக்கொண்டு வால்வைத் திறந்து வைக்கவில்லையா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கார்ட்ரிட்ஜே போய், சீட் நிற்கவே மாட்டேன் என்றால், போஸ்ட் முழுவதையும் சட்டத்திலிருந்து மேலே இழுத்துக் கிளாம்பைப் பூட்டுங்கள். வெளிக் குழாயில் பொறித்திருக்கும் குறைந்தபட்சச் செருகல் கோடு சட்டத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். அதற்கு மேல் இழுத்தால் சட்டம் விரிசல் விடும். கேபிள் உறை இழுபட்டால் முன்பக்கத்திலிருந்து தளர்வு கொடுங்கள், இல்லையென்றால் அடியில் கழற்றிவிடுங்கள். பழைய உயரம் கிடைக்காது. மேட்டில் இறங்கித் தள்ள வேண்டியிருக்கும். சமதளத்தில் முழங்கால் மடங்கிய நிலையில் மெதுவாக மிதித்து வீடு வந்து சேரலாம்.